ஐந்தாம் கருவி இருந்த இடம்

என் தங்கையை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ‘பூகம்பம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் அவள் சின்னவள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். மலையைக் குடைந்து சாலைக்குச் சுரங்கப்பாதை போடும் இடத்தில் இருவரும் வேலை பார்க்கிறோம். என் கணவர் உள்ளே பாறையில் துளை போடுகிறவர். நான் வாசலில் டோக்கன் பலகையைக் கவனித்துக்கொள்கிறேன். உள்ளே போகிறவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நேரத்தையும் நான் எழுதுவேன். என் அறைக்கும் சின்னவளின் அறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அதனால் இங்கே எழுதுவதில் கேள்விப்பட்டது குறைவு, கண்ணால் பார்த்தது அதிகம்.

அவள் ஒப்பந்த வேலையில் சேர்ந்தபோது ஆறு நில அதிர்வுக் கருவிகள் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. விற்ற கம்பெனியின் ஆள் மூன்று நாள் வந்தார். அதில் இரண்டு நாள் போனிலேயே பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தடித்த கையேட்டைக் கொடுத்துவிட்டு, “எல்லாம் இதுல இருக்கும்மா” என்று வண்டி ஏறிவிட்டார். கருவிகளை மலைமேல் ஆறு குழிகளில் இறக்கினார்கள். அவை அனுப்புவதை விடாமல் வாங்கி, பிரித்து, கணக்குப் போடும் மென்பொருளைக் கணினியில் ஏற்றி ஓட வைக்கும் வேலை சின்னவள் தலையில் விழுந்தது. முதல் வாரம் மூன்று கருவிகளிடமிருந்துதான் சேதி வந்தது. நான்காவது வரும், பாதியில் அறுந்துபோகும். அவள் கையேட்டை ஒரு கையிலும் காய்ந்த ரொட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்தொன்பதாம் நாள் ஆறு கோடுகளும் திரையில் சேர்ந்து ஓடின. அப்போதும் நம்பாமல், மலைமேல் ஒருவரை அனுப்பி ஒவ்வொரு குழியருகிலும் சம்மட்டியால் அடிக்கச் சொன்னாள். அவர் அடித்த இடத்துக் கோடு துள்ளியதைப் பார்த்த பிறகுதான் எழுந்து போய் முகம் கழுவினாள்.

அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று எனக்கு அவள் சொன்னது இதுதான். “வீட்டுல எங்கயோ ஒரு பாத்திரம் விழுதுன்னு வை. பக்கத்து ரூம்ல இருக்கிறவங்களுக்கு முதல்ல கேக்கும், மாடியில இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கழிச்சுக் கேக்கும். ஆறு பேருக்கும் எப்ப எப்பக் கேட்டுச்சுன்னு தெரிஞ்சா, பாத்திரம் எங்க விழுந்துச்சுன்னு சொல்லிடலாம் இல்லியா? அதேதான்.” பாறைக்குள் எங்கே நெரிகிறதோ அங்கே திரையின் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் சுரங்கப்பாதைக்கு முன்னூறு மீட்டருக்குள் சேர்ந்தால் அவள் மேசையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சைரன் ஊதும், ஆட்கள் வெளியே வருவார்கள்.

ஊதியது இரண்டு முறை. முதல் முறை, கல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து இரண்டாம் குழியின் விளிம்பில் மோதியிருந்தது. அடுத்த முறை, ஒரு தண்ணீர் டேங்கர். இரண்டு தடவையும் இரண்டு மணி நேர வேலை போயிற்று. அன்றிலிருந்துதான் அவள் பூகம்பம் ஆனாள். டீ குடிக்கப் போனால்கூட, “வழி விடுங்கப்பா, பூகம்பம் வருது” என்று மேஸ்திரி சுவரோடு ஒட்டி நிற்பார். என் கணவர் எல்லோரையும்விட மோசம். “ஏம்மா பூகம்பம், எங்க வீட்டுக் கதவை மெதுவாச் சாத்து, சைரன் ஊதிடப் போகுது” என்பார். தலைமை இன்ஜினியர் மட்டும் சிரிக்கவில்லை. “புலி வருது புலி வருதுங்கிற கதையா ஆயிடக் கூடாது. மூணாவது தடவையும் சும்மா ஊதிச்சுன்னா, இந்தப் பெட்டியெல்லாம் மூட்டை கட்டிடலாம், உன் ஒப்பந்தத்தையும் சேத்து” என்றார்.

இதற்கிடையில் உள்ளே பாறை ‘படக் படக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. நான்கு நாள் வேலையை நிறுத்தினார்கள். நான்கு நாளும் சின்னவள் புள்ளிகளைப் பார்த்தாள். எல்லாம் சுரங்கப்பாதைக்கு நானூறு மீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்தன. அவள் அந்த வரைபடத்தைக் கொடுத்தாள், வேலையைத் தொடங்கலாம் என்று தலைமை இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு நாற்பத்தொரு வில்லைகள் ஆணியில் ஏறின. பதினேழாம் எண் என் கணவருடையது.

பத்து மணிக்கு மேல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் பேசும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கப் பேசுவது மாதிரி இருந்தது. பதிவேட்டோடு எட்டிப் பார்த்தேன். சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். மேசையில், குழிகள் இருக்கும் இடத்தை அளந்து எழுதிய சர்வேயரின் பழைய நோட்டு விரிந்து கிடந்தது.

“சார், அஞ்சாவது குழி, பதினாலு புள்ளி அம்பதுன்னு எழுதியிருக்கு. அது தசமமா, இல்ல விநாடியா?”

போன் ஸ்பீக்கரில் பஸ் இரைச்சல். “என்னம்மா? அம்பதா? எனக்கு ஒண்ணும் கேக்கல. இறங்கிப் பேசறேன்.” தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“என்னடி?”

“அக்கா, அஞ்சாவது கருவி எப்பவுமே எதிர்பார்த்ததைவிட ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு லேட்டாச் சொல்லும். அங்க பாறை கொஞ்சம் மெத்துனு இருக்கும்னு நினைச்சு விட்டுட்டேன். இப்ப மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு அதிர்வு வந்துச்சு. அதுக்கு மட்டும் அஞ்சாவது சீக்கிரமாச் சொல்லுது.”

“அதனால என்ன?”

“கடிகாரம் தப்புன்னா எல்லா அதிர்வுக்கும் லேட்டுதான் காட்டும். மெத்துனு பாறை இருந்தாலும் லேட்டுதான். ஒரு பக்கத்துக்கு லேட்டு, இன்னொரு பக்கத்துக்கு சீக்கிரம்னா...” நோட்டில் விரலை வைத்தாள். “அது நான் நினைக்கிற இடத்துல இல்ல, அக்கா.”

பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஐந்தரை மணியை நாம் 5.30 என்று எழுதுகிறோம். கணக்கு இயந்திரத்திடம் 5.30 என்றால் அது அரையாகாது. குழிகள் இருக்கும் இடத்தைப் பாகை (டிகிரி), கலை என்று குறித்து வைப்பார்கள். பாகைக்குக் கலை என்பது மணிக்கு நிமிடம் போல. அதற்கும் அறுபதில் ஒரு பங்கு உண்டு, அது விநாடி. ஐந்து குழிகளுக்கு ஒரு சர்வேயர் தசமத்தில் எழுதியிருந்தார். ஐந்தாவதற்கு மட்டும் பின்னால் வந்த சர்வேயர், இப்போது அவள் போன் போட்டவர், பதினான்கு கலை ஐம்பது விநாடி என்பதை நடுவில் புள்ளி வைத்து 14.50 என்று எழுதியிருந்தார். சின்னவள் ஆறையும் ஒரே மாதிரி படித்து ஏற்றிவிட்டாள். அப்படியானால் அந்தக் கருவி கணினியில் ஓரிடத்திலும் மலையில் அறுநூறு மீட்டர் தள்ளி வேறிடத்திலும் இருக்கிறது. அதை வைத்துப் போட்ட நான்கு நாள் புள்ளிகளின் இடமும் தப்பு.

அவள் மறுபடி போனைப் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. பொத்தானைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

“அக்கா, உள்ளே எத்தனை பேரு?”

“நாப்பத்தொண்ணு.”

“மாமா?”

“அவரும்தான்.”

பொத்தானை அழுத்தினாள்.

சைரன் சத்தத்தில் தகரத் தடுப்பு அதிர்ந்தது. நான் பலகைக்கு ஓடினேன். முதலில் பத்துப் பேர் வந்தார்கள், பிறகு ஒரு கும்பல். ஒருவன், “இன்னிக்கு லாரியா, டேங்கரா?” என்றான். இன்னொருவன், “மாட்டு வண்டியா இருக்கும்” என்றான். நான் தலை நிமிரவில்லை. எண், நேரம், எண், நேரம். மேஸ்திரி வந்து தன் வில்லையை எடுத்தார். நாற்பது ஆணிகள் காலி. பதினேழாம் எண் மட்டும் தொங்கியது.

“என் வீட்டுக்காரர் எங்க?”

“கடைசி நாலு துளை பாக்கியாம். முடிச்சுட்டு வரேன்னாரு. நான் சொன்னேன், கேக்கல.” மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வாசலில் உள்ளே பேசும் போன் ஒன்று உண்டு. எடுத்தேன். துளைபோடும் இயந்திரத்தின் இரைச்சல் நின்று அவர் குரல் வந்தது. “பூகம்பத்துகிட்டச் சொல்லு, லாரி டிரைவரை நல்லாத் திட்டச் சொல்லு. பத்தே நிமிஷம்.”

அதற்குள் ஓடி வந்த சின்னவள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“மாமா, லாரி இல்ல.”

“பின்ன?”

“என்னன்னு எனக்கே சரியாத் தெரியல. தெரிஞ்சிருந்தா உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு சொல்லியிருப்பேன். தெரியல மாமா. அதனாலதான் வாங்கங்கிறேன். மெஷினை அங்கயே போட்டுட்டு வாங்க.”

இயந்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

அவர் ஐநூறு மீட்டர் நடந்து வர வேண்டும். சின்னவள் வாசலில் நிற்கவில்லை, அறைக்கு ஓடினாள். தலைமை இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே அவள் அறைக்குள் போனார். நான் பலகையை விட்டு நகர முடியாது. தடுப்பு வழியாகக் கேட்டேன்.

“என்ன ஆதாரம்?”

“இன்னும் இல்ல சார். போட்டுக்கிட்டிருக்கேன்.”

“ஆதாரம் இல்லாம ஊதினியா?”

“ஆமா சார்.”

அதற்குப் பிறகு விசைப்பலகையின் சத்தம் மட்டும். என் கணவர் இருட்டிலிருந்து வெளியே வந்தார். நான் அவரைத் திட்டவில்லை. வில்லையைக் கையில் கொடுத்துவிட்டு நேரத்தை எழுதினேன். அதே சமயம் அடுத்த அறையில் போன் அடித்தது. சர்வேயர் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தார். “விநாடிதாம்மா, விநாடி. தசமமில்ல. ஏன் கேட்டே?”

சின்னவள் அதற்குள் திருத்திய இடத்தைக் கொடுத்து நான்கு நாள் அதிர்வுகளையும் மறுபடி ஓட விட்டிருந்தாள். நானும் மேஸ்திரியும் கதவோரம் போய் நின்றோம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக அழிந்து வேறிடத்தில் விழுந்தன. அவசரமே இல்லாமல் விழுந்தன. இருபது விழுவதற்குள் அவை எங்கே போகின்றன என்று எனக்கே தெரிந்துவிட்டது. சுரங்கப்பாதையைக் குறிக்கும் நீலக்கோட்டின் மேலேயே, வாசலிலிருந்து முன்னூற்று எண்பதாவது மீட்டர் பக்கமாக, எறும்பு மொய்த்த மாதிரி சேர்ந்தன. என் கணவர் வெளியே வரும்போது அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்.

தலைமை இன்ஜினியர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மேஸ்திரியோடு உள்ளே போனார். இருபத்தாறு நிமிடம் கழித்து வந்தார்கள். மலை ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் அந்த இடத்தில் வளைவாக நிறுத்திய இரும்பு உத்தரங்களில் மூன்று நெளிந்திருந்தன. சுவரில் பீச்சியடித்த கான்கிரீட் பாறையை விட்டு விலகியிருந்தது. “கையை முழங்கை வரைக்கும் விடலாம்” என்றார் மேஸ்திரி. அதைச் சொன்னபோது அவர் சின்னவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அங்கே முட்டுக் கொடுக்க ஒன்பது நாள் பிடித்தது.

அன்று மதியம் அறிக்கை எழுதச் சொன்னார்கள். நான் அதைப் பார்த்தேன். என் தங்கையின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இடத்தைத் தவறாக ஏற்றியது தான்தான் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். சர்வேயரைக் குறை சொல்லவில்லை. இரண்டாம் வரி: ‘சந்தேகம் வந்த நேரம் 10.41. சைரன் அழுத்திய நேரம் 10.52.’

தலைமை இன்ஜினியர் பேனாவை அந்த வரியில் வைத்தார். “இந்தப் பதினோரு நிமிஷத்தை எழுதணுமா? சந்தேகம் வந்ததும் ஊதினேன்னு எழுதினா யாரு கேக்கப் போறா?”

“ஊதலையே சார். மறுபடியும் சிரிப்பாங்களேன்னு சர்வேயருக்குப் போன் போட்டுக்கிட்டு நின்னேன்.”

“ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற ஆளுங்க இதைத்தான் முதல்ல படிப்பாங்க, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

மேலே அனுப்புவதற்கு முன் சின்னவள் ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என் கணவர் சாப்பிடாமல் அதை இரண்டு தடவை படித்தார். அவரிடமிருந்து ஒரு கேலியாவது வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

“எல்லாரும் எத்தனை மணிக்கு வெளியே வந்தாங்க?” என்று என்னைக் கேட்டார்.

“நாப்பதாவது ஆள் 11.01.”

“நான்?”

“11.13.”

காகிதத்தைச் சின்னவள் பக்கம் தள்ளினார். “உன் பதினோரு நிமிஷத்தை எழுதியிருக்கே, சரி. இந்தப் பன்னண்டையும் கீழே எழுது. என் நம்பரைப் போட்டு எழுதும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.