காருக்குப் பிரஷர் பார்த்தவள்

கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்றை முந்த வேண்டும். மாமாவின் லட்சியம் அவ்வளவுதான். ஊரில் மற்றவர்கள் மாடி கட்ட ஆசைப்பட்டார்கள், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்பட்டார்கள். என் தாய்மாமன் மட்டும் ஒரு டிராக்டருக்குப் பின்னாலிருந்து அதற்கு முன்னால் போக ஆசைப்பட்டு, முழுசாக ஒரு வருஷத்தைச் செலவழித்தார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அவருடைய காரில் முன் சீட்டில் உட்கார்ந்து மீட்டர் பார்த்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு.

நெட்டப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர். மாமாவும் அத்தையும் எங்களுக்குப் பக்கத்து வீடு. மாமா பம்புசெட் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த மோட்டார் புகைந்தாலும், கருகிய கம்பியைப் பிரித்துப் புதுசாகக் காயில் கட்ட அவரிடம்தான் வரும். அவரிடம் ஒரு டீசல் கார் இருந்தது. அதைப் பழைய கார் என்று சொன்னால் மரியாதை கொடுத்ததாக அர்த்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் யோசிக்கும், பிறகு கனைக்கும், அதற்குப் பிறகு மனமிருந்தால் வேகமெடுக்கும். காலியான சாலையில் ஓட்டினால் குறை சொல்ல முடியாது. ஏம்பலம் வழியாக வில்லியனூர் போகும் சாலை காலியாக இருந்தால்தானே! தை பிறந்துவிட்டால் டிராக்டர்கள் இரண்டிரண்டு டிரெய்லர் நிறையக் கரும்போடு ஆலைக்கு ஊர்ந்து போகும். சாலையில் பாதிக்கு மேல் அவைதான் அடைத்துக்கொண்டிருக்கும். எதிரே வண்டி வராத அந்தச் சில விநாடிகளில் சட்டென்று தாண்டிப் போய்விட வேண்டும். மாமாவின் கார் சட்டென்று எதையும் செய்கிற ரகம் இல்லை.

"வேற வண்டி பாரேன்டா" என்று அம்மா தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இந்த வண்டியேதான் முந்தணும்க்கா" என்றார் மாமா. அவர் சொன்ன விதத்தில் அம்மா அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

பள்ளி முழுப்பரீட்சை லீவில் ஒருநாள், வில்லியனூர் பழைய இரும்புக் கடையிலிருந்து மாமா ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். கடைக்கார பாய் வீட்டு மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக வாங்கி வந்த பொருள். அவிழ்த்தால், உள்ளே இரண்டு பெரிய இரும்பு நத்தைகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு சாமான்.

"இது இன்னா மாமா?"

"டர்போ. ஒடஞ்சுபோன வேன்ல இருந்தது. இன்ஜின்லேர்ந்து வர்ற பொகை இந்தப் பக்கத்து ஃபேனச் சுத்தும். அது சுத்துனா அந்தப் பக்கத்து ஃபேனும் சுத்தும். அது காத்தப் புடிச்சி இன்ஜினுக்குள்ளயே திணிக்கும்."

"இன்ஜினுக்கு எதுக்குக் காத்து?"

"நீ ஓடுனா உனக்கு மூச்சு வாங்குதில்ல? அதுக்கும் அப்படித்தான்."

எனக்கு அது போதவில்லை. ஒரு நத்தையின் வாயில் உதட்டை வைத்து ஊதினேன். உள்ளே ஃபேன் விர்ரென்று சுழன்றது. திருப்பிப் பார்த்தால் மறுபக்கத்து ஃபேனும் சுழன்றுகொண்டிருந்தது. வீணாகப் போகிற புகையை வைத்தே வண்டிக்கு மூச்சு கொடுக்கலாம் என்றால், இத்தனை நாள் ஊர்ப் புகையெல்லாம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யோசித்தேன். சாயங்காலம் வரை ஊதிக்கொண்டே இருந்ததில் உதடு கரியாகி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர். ஆகவே காற்றையும் தண்ணீர் மாதிரியே நடத்தினார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போக, வீட்டில் மிச்சமிருந்த பிவிசி பைப்பை அறுத்து, எல்போ வைத்து, பசை தடவி, போர்வெல் லைன் போடுகிற அழகோடு போட்டு முடித்தார். டர்போவுக்கு எண்ணெய் போய்வர, தூக்கிப்போட்ட ஃபிரிட்ஜிலிருந்து செம்புக் குழாய். முதல் ஓட்டத்தில் கார் ஊர் எல்லை தாண்டுவதற்குள் டப்பென்று சத்தம். இறங்கி பானட்டைத் தூக்கினால், பிவிசி பைப் அதிகம் வெந்த முருங்கைக்காய் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் ஓடியே போய்விட்டன.

மாமாவுக்குக் கோபமே வரவில்லை. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு பைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தண்ணிய எவ்ளோ அமுக்கி அனுப்பினாலும் சுடாது. காத்து இன்னாடான்னா இப்படிச் சுடுதே!" என்று என்னிடமே கேட்டார். எனக்கும் அதிசயமாகத்தான் இருந்தது. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நான் கவனித்திருந்தேன். அதைச் சொன்னேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க ஆரம்பித்தார். இரும்புக் குழாய் வெட்டி வெல்டிங் வைத்து வந்தது. அது சூட்டைத் தாங்கி நின்றது.

அடுத்த சிக்கல், காற்று எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். அளவு மீறினால் இன்ஜின் போய்விடும். பம்புசெட்டில் மாட்டுகிற மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை. அது பெரிய அழுத்தத்துக்கானது, இந்தக் காற்றெல்லாம் அதற்குத் தூசு. சின்ன அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டர் வேண்டும். இரண்டு நாள் மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தவர், மூன்றாம் நாள் வீட்டு அலமாரியின் மேல் தட்டிலிருந்து அதை எடுத்து வந்தார்.

அது அத்தைக்குப் பிரஷர் பார்க்கிற மீட்டர். அதற்கு முந்தைய வருஷம் அத்தை வயிற்றில் பாப்பா இருந்தது. தினமும் பிரஷர் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் வாங்கியது. காலையில் மாமா அத்தையின் கையில் துணியைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்குவார், நான் முள் துடிப்பதை வேடிக்கை பார்ப்பேன். நூற்று நாற்பது தாண்டக் கூடாது என்பது எனக்குக்கூட மனப்பாடம். தை மாதத்தில் ஒரு விடியற்காலை இருவரும் அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பத்து நாள் கழித்துப் பாப்பா இல்லாமல் வந்தார்கள். பாப்பா சாமிகிட்ட போயிடுச்சு என்றாள் அம்மா. ஏழெட்டு வயதில் அந்தப் பதில் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அத்தை அந்தக் காரில் ஏறுவதில்லை. டீசல் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கும் குமட்டும்.

மாமா மீட்டரை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பொருத்தி, அதன் ரப்பர் குழாயைக் காற்றுப் பைப்பில் சேர்த்துக்கொண்டிருந்தபோது அத்தை டீ கொண்டுவந்தாள்.

"அத எதுக்கு எடுத்தீங்க?"

"சும்மாதான கெடக்குது."

அத்தை டம்ளரைப் பானட் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலை அப்பா எடுத்தால் அம்மா முறைப்பாளே, அந்த மாதிரி என்று நினைத்தேன்.

"மீட்டரப் பாத்துக்கினே வா. எரநூறு தாண்டுனா கத்து" என்றார் மாமா.

"அத்தைக்கு மட்டும் நூத்தி நாப்பது, காருக்கு எப்பிடி எரநூறு?"

நியாயமான கேள்விதான். மாமா ஏற்கெனவே இறுகியிருந்த கிளாம்பை இன்னும் இறுக்கினார்.

மறுபடி தை வந்தது. ஊரார் டிராக்டருக்குப் பயந்து நேரத்தோடு கிளம்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் டிராக்டரைத் தேடிக்கொண்டு கிளம்பினோம். கிளம்பும் முன் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏம்பலத்துக்கு முன்னாலேயே ஒன்று கிடைத்தது. இரண்டு டிரெய்லர், அந்தப் பக்கம் எதுவும் தெரியாத உயரத்துக்குக் கரும்பு. மாமா வலது பக்கம் எட்டிப் பார்த்தார். எதிரே யாருமில்லை. மிதித்தார்.

"அறுவது... தொண்ணூறு... நூத்தி இருவது... நூத்தி நாப்பது!" என்று கத்தினேன்.

மாமாவின் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து தானாக விலகியது. கார் மறுபடி டிராக்டருக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டது. அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எரநூறு வரைக்கும் போலாம்னு நீதான மாமா சொன்ன?"

"ஆமாம்மா. நாந்தான் சொன்னேன்" என்றார்.

நான் கத்தியதில் பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை நூற்று நாற்பது வந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டேன். நூற்று அறுபது. நூற்று எண்பது. விசில் அடிப்பதற்கு முன் குக்கர் போடுகிற சத்தம் முன்னாலிருந்து கிளம்பியது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலிருந்தது. கரும்புத் தோகை என் ஜன்னலைச் சரசரவென்று உரசியது, டிரெய்லர் ஒன்று போனது, இரண்டு போனது, டிராக்டர்காரரின் பல் குச்சி கடித்த வாய் தெரிந்தது, அப்புறம் எங்களுக்கு முன்னால் வெறும் சாலைதான்.

நான் கைதட்டினேன். மாமா சிரிக்கவில்லை. திரும்பிவிடுவார் என்று பார்த்தேன், திரும்பவும் இல்லை. வழியில் இன்னும் இரண்டு டிராக்டரைத் தாண்டினார். வில்லியனூரைத் தாண்டினார். புதுச்சேரிக்குள் நுழைந்து, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தாறு நிமிஷம்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டியை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் விசில் அடித்தார். எனக்குப் பசித்தது. யாரையும் பார்க்காமல், மாத்திரைகூட வாங்காமல் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று புரியவில்லை. திரும்பும் வழியில் வில்லியனூரில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார், அவர் எதுவும் சாப்பிடவில்லை.

நானே ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். அந்த விடியற்காலை இதே சாலையில் மூன்று டிராக்டர்கள் வரிசையாகப் போயிருக்கின்றன. பின் சீட்டில் அத்தை. மாமா ஒவ்வொரு முறை வலது பக்கம் எடுக்கும்போதும் எதிரே வெளிச்சம் வர, வண்டியை மறுபடி பின்னால் ஒடுக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். அரை மணி முன்னால் வந்திருந்தால் குழந்தையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

இது எதுவும் தெரியாமல்தான் அன்று வீடு வந்து சேர்ந்ததும் நான் காரிலிருந்து குதித்து ஓடினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமும் வேதனையுமாக இருக்கிறது. மாமா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அத்தை வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த! டிராக்டர முந்திட்டோம்! முப்பத்தாறே நிமிஷத்துல பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டோம்!"

மொச்சை உரித்த கை நின்றது. அத்தை என்னைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"எத்தினி நிமிஷம்?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்.