நொதியின் வாயும் இயக்குநரின் வாயும்

அந்த ஆய்வுக்கூடத்தில் புரதப் படிகம் வளர்ப்பதுதான் அக்காவின் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு நொதி, சும்மா இருக்கும்போது தன் வாயை ஒரு வளையத்தால் அடைத்துக்கொள்ளும். பாஸ்பேட் வந்து ஒட்டினால் வளையம் விலகும், நொதி வேலையைத் தொடங்கும். எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்க்கப் போனால், படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படத்தில் அந்த இடம் மட்டும் மங்கலாக இருந்தது.

"வெளிப்பக்கம் மடங்கின மாதிரி வரைஞ்சிடும்மா," என்றார் ஆய்வுக்கூட இயக்குநர், பிஸ்கட்டை மென்றபடி.

"அங்க ஒண்ணுமே தெரியலையே சார்."

"யாரு உத்துப் பார்க்கப் போறாங்க?"

அக்கா முடியாது என்று சொல்லிவிட்டு, மறுபடி படிகம் வளர்க்க உட்கார்ந்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்று கூட இருந்தவர்களே சிரித்தார்கள். தட்டுத் தட்டாகப் படிகங்கள் வீணாகி, கடைசியில் ஒரு படிகம் கைகொடுத்தது. படம் பளிச்சென்று விழுந்தது. வளையம் உட்பக்கமாகச் சுருண்டிருந்தது.

கூட்டத்தில் இயக்குநர் அதைக் காட்டி, "உட்பக்கம்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா எழுந்தாள். "நீங்க சொன்னது வெளிப்பக்கம் சார்."

அவர் கொஞ்சமும் கூசாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அவள் வெளியே வந்துவிட்டாள்.