எருக்குழியில் கிடந்த பப்பாளித் தோல்

வெள்ளைக்காரன் ஆட்சி இன்னும் முடியாத காலம். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரியைப் போட்டு ஓட்டினார்கள். பூந்தமல்லிக்கும் மாங்காட்டுக்கும் நடுவே ஒரு சிற்றூரில் எங்கள் வீடு. நான் மூத்த மருமகள். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் மனைவி, இருபது வயதுகூட நிரம்பாதவள். கொழுந்தனாருக்கு ரயில் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார்.

அவளுடைய கைக்குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை. அதற்குள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஒருநாள் கிணற்றடியில், "இதுவே இன்னும் தவழலே, அதுக்குள்ள இன்னொண்ணா? எனக்கு வேணாம்க்கா" என்று சொல்லி அழுதாள். "அம்மன் குடுத்ததை வேணாம்னு சொல்லாதடி" என்று நான் வாயை அடைத்துவிட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குக் கரு விழுந்துவிட்டது. அன்று சாணி கொட்டப் போன நான், எருக்குழியில் பப்பாளித் தோல் கிடப்பதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மாசமாக இருப்பவள் பப்பாளியைத் தொடவே கூடாது. அந்தத் தோலையும் கிணற்றடிப் பேச்சையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். நேரே அடுப்படிக்குப் போய் மாமியாரிடம், "அத்தை, இது தானா நடந்ததில்லே" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

கரு விழுந்தவளையும் பிள்ளை பெற்றவளைப் போலவே பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். சுக்கு, மிளகு, பனைவெல்லம் இடித்துக் கொடுப்பார்கள், வெந்நீர் ஊற்றுவார்கள், பூண்டுக் குழம்பு வைப்பார்கள். எனக்கு முன்பு ஒருமுறை விழுந்தபோது மாமியார் தன் கையாலேயே எல்லாம் செய்தார். அதற்கு முதல் நாள் நான் எருமையைத் துரத்திக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிக் குதித்திருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. தெய்வச் செயல் என்று சொல்லிவிட்டார்கள்.

அவளுக்கு மாட்டுக்கொட்டகை ஓரமாக ஒரு கோணிப்பையை விரித்துப் போட்டார்கள். "அவளே பண்ணிக்கினா, அவளே பாத்துக்கட்டும். மருந்து ஒண்ணுதான் கொறச்சல்" என்றார் மாமியார். நான் சோற்றை மட்டும் தீட்டுப் படாமல் தள்ளி வைத்துவிட்டு வருவேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் தலைமுழுகி, தேங்காய், பூ, பழத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு மாங்காட்டுக்குக் கிளம்பினேன். கொட்டகையைத் தாண்டும்போது அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, கோயிலுக்கா போறே? எனக்கும் சேத்து வேண்டிக்கோ. புள்ளைய பாத்துக்கோ."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது. கிட்டே போய் நெற்றியைத் தொட்டேன். அனலாகக் கொதித்தது. கோணி நனைந்து கிடந்தது. நாலு நாளாகியும் உதிரம் நிற்கவில்லை. தட்டைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டு, மாங்காட்டுப் பக்கம் திரும்பாமல் பூந்தமல்லிக்கு ஓடினேன்.

அங்கே ஒரு மருத்துவச்சி இருந்தார். பாயம்மா என்று கூப்பிடுவோம். என் பிள்ளைகள் இரண்டும் அவர் கையில்தான் பிறந்தன. வந்தவர் என்னைப் பார்த்து, "நீ வெளிய நில்லு. இவகிட்ட நான் தனியா கேக்கணும். திட்டறதுக்கு இல்லே, வைத்தியத்துக்கு" என்றார்.

அவர் வெளியே வந்ததும் நான் தோல் விஷயத்தைச் சொன்னேன்.

"காயா, பழமா?"

"மஞ்சளாத்தான் இருந்துச்சு, பாயம்மா."

"பழம் தின்னா புள்ள உழும்னா, எங்க தெருவுல ஒரு புள்ள இருக்காது. எங்க ஊட்டுக் கொல்லையிலயே மரம் கீது, எனக்கு ஏழு புள்ளைங்க!" என்றவர் உடனே குரலைத் தாழ்த்தினார். "அவ எதுனா பண்ணிகினு இருந்தாலும்தான் இன்னா? கருவுல ஒரு துண்டு உள்ள தங்கிக்கீது. வெசம் ஏறுது. தானா உழுந்தாலும் அதுதான், வேற எப்படின்னாலும் அதுதான். பொழுது சாயறதுக்குள்ள பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

என் வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். மாமியார் குறுக்கே நின்றார். "அங்க கேப்பாங்கடா. போலீசு ஊட்டுக்கு வரும். மானம் பூடும்." என் வீட்டுக்காரர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

நான் சொல்லித்தான் ஆகவேண்டும். "அத்தை, நான் பாத்தது தோலைத்தான். அவ எதுவும் பண்ணதை நான் பாக்கலே. தப்பு என் வாயிலதான்."

"அப்ப ஏன்டி சொன்னே?"

நான் அவளைத் தூக்கக் கொட்டகைக்குள் போனேன். என் வீட்டுக்காரர் வண்டியைப் பூட்டினார்.

பூந்தமல்லியில் பஸ் ஏறும்போது கண்டக்டர் தடுத்தார். "இன்னாம்மா, வாந்திபேதியா? ஏத்த முடியாது."

"உங்கூட்டுப் பொம்பளைன்னா இப்படிக் கேப்பியா நைனா? வண்டிய வுடு" என்று பாயம்மா அதட்டினார். தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றி, கறை தெரியாமல் அவளுக்குச் சுற்றினார். பட்டணம் போய்ச் சேருவதற்குள் அந்தத் துப்பட்டியிலும் சிவப்பு ஊறிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மிச்சத்தை எடுத்துச் சுத்தம் செய்தார்கள். உயிர் நின்றது. டாக்டரம்மாவிடம் காரணம் கேட்டேன். ஆரம்ப மாதங்களில் கரு சரியாக வளராமல் தானாகவே விழுவது நிறையப் பேருக்கு நடக்கிறது, அதற்குக் குதித்ததும் தின்றதும் காரணம் என்று நினைத்து யாரையும் வாட்டாதீர்கள் என்றார். எப்படி விழுந்திருந்தாலும், உதிரம் நிற்காமல் சுரமும் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, இன்னொரு நாள் போயிருந்தால் கைக்குழந்தையோடு மட்டும்தான் நீங்கள் இருந்திருப்பீர்கள் என்றும் சொன்னார்.

மறுநாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் பூவையும் பழத்தையும் மாடு தின்றுவிட்டிருந்தது. தேங்காய் மட்டும் உருண்டு கிடந்தது. அம்மனுக்கு அது போய்ச் சேர்ந்ததாகவே வைத்துக்கொண்டேன். ஓரகத்தி திரும்பி வந்ததும் மாமியார் தன் கையாலேயே சுக்கு இடித்தார். நான் வெந்நீர் ஊற்றினேன்.

பாயம்மாவிடம் அவள் என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாங்காட்டம்மன் முன்னால் நிற்கும்போதும் அதை நான் கேட்பதில்லை. அந்த நாலு நாளும் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேனே, அதற்குத்தான் இன்றும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.