மணி அடிக்காத லைனுக்குக் காவல்

லீஸ்டு லைன் பார்க்கிற வேலை என்றால், மணியே அடிக்காத ஒரு போனுக்குக் காவல் இருப்பது. ஓடும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; நின்றுவிட்டால் எல்லோரும் நம்மைத்தான் பார்ப்பார்கள். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

நான் படித்தது ஐந்தாவது. தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங்கில் இருந்தேன். கம்ப்யூட்டர் அறையைத் துடைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். பேக்கிங் முடிய எட்டு மணி ஆகும். இங்கே ஐந்து மணிக்கே விட்டுவிடுவார்கள். அயனம்பாக்கத்தில் நாத்தனாரிடம் விட்டிருந்த என் மகள் தூங்குவதற்குள் போய்விடலாம். மூன்று மாதம் பார்ப்பேன், சரிப்படாவிட்டால் பேக்கிங்தான் என்றார் மேனேஜர். விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்று துண்டு

அந்த அறையில் வந்து முடியும் லீஸ்டு லைன் என்றால் என்னவென்று கம்ப்யூட்டர் பார்க்கும் ஸ்டீபன் சாரிடம் கேட்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அவர் பேப்பரில் கோடு போட்டார். எங்களிடமிருந்து அம்பத்தூர் எக்ஸ்சேஞ்ச் ஒரு துண்டு, அங்கிருந்து பூந்தமல்லி எக்ஸ்சேஞ்ச் ஒன்று, கடைசியில் எங்கள் குமணன்சாவடி குடோன்வரை ஒன்று. முதலும் கடைசியும் லோக்கல் லீட். நம்பர் சுற்ற வேண்டியதில்லை. எந்நேரமும் திறந்தே இருக்கும், நடுவில் வேறு யாரும் வர முடியாது. பெரிய கம்பெனிகளுக்கு இரண்டு எம்.பி. வேகத்தில் லைன் உண்டாம், எங்களுடையது அறுபத்து நாலு கே.பி. அது போதுமா என்று கேட்டேன்.

“நம்ம பில்லு போற அளவுக்குப் போதும். இதுக்கு மேல கேக்காதம்மா, எனக்கே அவ்ளோதான் தெரியும்.”

ஆறு விளக்கு

லைன் வந்து சேரும் மோடம் பெட்டியில் ஆறு விளக்கு. ஒவ்வொன்றின் கீழும் இங்கிலீஷ் எழுத்து. நோட்டில் ஆறு வட்டம் போட்டு, லைன் நன்றாக இருக்கும்போது எரிகிறவற்றுக்கு மட்டும் பச்சைப் பென்சில் தீட்டிவைத்தேன். ஒருநாள் அம்பத்தூர் எக்ஸ்சேஞ்சிலிருந்து தசரதன் என்பவர் போன் செய்து, மூணாவது விளக்கு எரிகிறதா என்றார். எரிந்தது. பழக்கமில்லாத ஆண்பிள்ளையிடம் எனக்கு வாய் வரவில்லை. மூன்று தடவை கேட்டார்.

“வாயத் தொறந்து சொல்லும்மா. நீ அங்க தலையாட்னா எனுக்கு இன்னா தெரியும்?”

லூப்

மூன்றாவது மாதம், ஸ்டீபன் சார் லீவில் இருந்த அன்று லைன் செத்தது. குடோனில் பில் வராமல் நாலு லாரி நின்றது. எக்ஸ்சேஞ்சில் உங்கள் மோடம்தான் என்றார்கள். மோடம் கொடுத்தவர்கள் லைன்தான் என்றார்கள். பேக்கிங் சூப்பர்வைசர் வந்து, நாளையிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பும்படி மேனேஜரிடம் கேட்டார், என் எதிரிலேயே.

லைன் நின்றால் ஸ்டீபன் சார் செய்வதைப் பார்த்திருக்கிறேன். லூப் பட்டனை அழுத்தினேன். அப்படிச் செய்தால் மோடம் அனுப்புவது அதற்கே திரும்பி வரும். வந்தது, நோட்டில் பச்சை தீட்டிய விளக்கெல்லாம் எரிந்தது; மோடத்தில் பழுதில்லை. தசரதனைக் கூப்பிட்டு, இங்கே லூப்பை எடுத்துவிட்டேன், எக்ஸ்சேஞ்ச் முனையில் நீங்கள் லூப் போடுங்கள் என்றேன். போட்டார். இப்போது ஒன்றும் திரும்பவில்லை. “எங்க மோடம் நல்லா இருக்கு சார். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவுல லோக்கல் லீட்தான் போயிருக்கு. ஆள் அனுப்புங்க” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

லைன்மேன் வந்து பார்த்தபோது, ரோடு தோண்டிய இடத்தில் ஒயர் அறுந்து கிடந்தது. மதியம் பில் ஓடியது. சூப்பர்வைசர் மறுபடியும் வந்து நின்றார். மேனேஜர் தலைநிமிராமலே சொன்னார்:

“பேக்கிங்குக்கு வேற ஆளப் பாருய்யா.”

அதற்குப் பிறகு நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் எங்கள் மோடம்தான். அன்றைக்குப் பார்த்து ஒயர் அறுந்தது என் நல்ல நேரம்.