நில்லு என்றால் நின்றுவிடுகிறவர்கள்

வேகமான துப்பாக்கி விளையாட்டில் நான் ஒருநாளும் உருப்பட்டதில்லை. அதில் ஓடிக்கொண்டே சுட வேண்டும். செத்தால் மூச்சு விடுவதற்குள் மறுபடி பிழைத்து மறுபடி ஓட வேண்டும். நானோ ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவன். கதவுக்குப் பின்னால் எவனாவது இருப்பானோ என்று யோசித்து முடிப்பதற்குள் சுட்டுவிடுவான். "நீ வூட்டுக்குப் போயி கேஸ மூடினியான்னு பாத்துட்டு வா," என்று செராமிக் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பேரும் கிண்டலடிப்பார்கள்.

அவர்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து கேம் சென்டரில் வேறொரு விளையாட்டுக்கு மாறியிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஆடுவது, நிஜச் சண்டை மாதிரி. செல்போன் கடை வைத்திருக்கும் பாய்தான் தலைவர். நாலாவது ஆள் குவைத்துக்குப் போய்விட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திட்டக்குடிப் பையன்களை எதிர்த்து ஆட என்னைக் கூப்பிட்டார்கள்.

"இன்னிக்கு பாக்கறேன்," என்றார் பாய். "சரியா வரலன்னா கோச்சுக்காத தம்பி. வேற ஆளப் பாத்துக்குவேன்."

அந்த நாலாவது நாற்காலி எனக்கு வேண்டும் போலிருந்தது.

ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. புல்லுக்குள் மெல்ல நடந்தோம். தலையில் பட்டால் அந்தச் சுற்று முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கையிலோ காலிலோ பட்டால் கூட்டாளி வந்து கட்டுப் போட வேண்டும். எதிரி எங்கே என்று திரை காட்டித் தராது. ஆளுக்கு ஆள் சொல்லித்தான் தெரிய வேண்டும். நான் வாய் ஓயாமல் சொன்னேன்.

"பாய், லெப்டுல மாடி ஜன்னல் தொறந்திருக்குது. பாய், நாய் குலைக்குது, அங்க யாரோ இருக்காங்க."

"பேசிக்கிட்டே வா," என்றார் பாய்.

என் பயத்தை இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்டு வாங்கிய முதல் ஆள் அவர்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் சந்தோஷமாக அடித்துக்கொண்டது.

பாலத்தைப் பிடிக்க வேண்டும். நண்பர்கள் இருவரும் வெட்டவெளியில் முன்னே ஓட, எதிர்க்கரையில் ஏதோ மின்னியது. "நில்லு" என்று கத்திவிட்டேன். படுக்கவில்லை, ஒதுங்கவில்லை, இருவரும் அப்படியே நின்றார்கள். எங்கள் வேலையில், சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பைகளை நீளப் பலகையில் அடுக்கித் தோளில் தூக்கிப் போவோம். பின்னாலிருந்து யாராவது நில்லு என்றால் தலையைக்கூடத் திருப்ப மாட்டோம். திரும்பினால் பலகை சுழன்று மொத்தமும் தரையில். அந்தப் பழக்கம்தான். இருவரும் ஆளுக்கொரு குண்டில் போய்ச் சேர்ந்தார்கள்.

"ஏன்டா நின்னீங்க?" என்றார் பாய்.

"அவன்தான் நில்லுன்னான்."

"இங்க என்ன தோள்ல பலகையா வச்சிருக்கீங்க?"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே காலில் பட்டது. பாலத்தடியில் விழுந்து கிடந்தார். நான் பாறை மறைவில் இருந்தேன். பழைய விளையாட்டென்றால் யார் விழுந்தாலும் தாண்டி ஓடிக்கொண்டே இருப்பேன். இங்கே நான் போகாவிட்டால் பாய் இல்லை, பாலமும் இல்லை, எனக்கு நாற்காலியும் இல்லை.

"வரியா, இல்லியா?"

"வரேன் பாய். மரத்துக்கிட்ட ஒருத்தன் பாக்கறான். இருங்க. குண்டு மாத்தறான். இப்ப வரேன்."

ஊர்ந்தேன். எலிப்பொறி போல என் விரல்கள் பொத்தானில் இறுகிக்கிடந்தன. கட்டுப் போட்டதும் பாய் எழுந்து ஒருபக்கம் சுட, நான் மறுபக்கம் சுட்டேன். பாலம் எங்கள் கையில் இருக்கும்போதே நேரம் முடிந்தது, சுற்று எங்களுக்கு. செத்துப்போன இரண்டு பேரும் என் நாற்காலியைப் பிடித்து உலுக்கினார்கள்.

பாய் சிரிக்கவில்லை, ஹெட்போனையும் கழற்றவில்லை. "அடுத்த சுற்றுல நீ முன்னாடி போ."

"நானா பாய்? முன்னாடி போறவன்தான மொதல்ல சாவான்?"

"அத நெனச்சிக்கிட்டே நடக்கறவன்தான் முன்னாடி போவணும். வாரா வாரம் நீதான். போ."

போனேன். புல் சரசரக்க, மூன்று பேர் என் பின்னால் நடந்து வரும் சத்தம் காதில் கேட்டது.