என் தம்பி தோப்பை விற்றுத் தின்னவில்லை

தம்பியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேனாவைவிடச் சாக்கு ஊசி பிடித்துப் பழகிய கை. இந்த நினைவு மலருக்குப் படித்தவர் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றார்கள். நான்தான் எழுதுவேன் என்றேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

தம்பி பிறந்தது அனுமந்தன்பட்டியில். எனக்கு ஏழு வயது இளையவர். நேரில் ஒருநாளும் நான் அவரை ‘அவர்’ என்றதில்லை, ‘ஏலே’தான். எழுத்திலாவது மரியாதை கொடுத்துக்கொள்கிறேன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் நான் மூடை தூக்கப் போனேன், தம்பி படித்தார். உத்தமபாளையத்தில் பி.காம். முடித்தார். பிறகு மலேசியாவில் ஒரு மளிகை இறக்குமதிக் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போனவர், இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார். ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்து, தானே பொங்கித் தின்று, மகளை எம்.காம். படிக்கவைத்தார். பீடி, சிகரெட் கிடையாது. லீவில் வந்தால் என் முட்டி வலிக்கு டஜன் கணக்கில் தைலம் கொண்டுவருவார்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் ஏலக்காய் மூடை வைத்து மிதித்தவன். இன்று கம்பத்தில் இரண்டு குடோன், மேகமலையில் தோட்டம், மூன்று லாரி. யாரிடமும் ஒரு பைசா வாங்காமல் மேலே வந்தவன் என்று நான் சொல்லாத கல்யாண வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. அதே வாயால் இன்னொன்றும் சொல்வேன்.

“பெரியகுளத்துல ஆத்தா வழியில வந்த மாந்தோப்புல எம் பங்கு இன்னும் காய்க்குது. இவன் பங்கு? வித்துத் தின்னுட்டான்!”

பந்தி சிரிக்கும். தம்பியும் சிரிப்பார். “மாம்பழம்னா எனக்கு அப்பவே உசுருண்ணே” என்று இலையைப் பார்த்தபடி சொல்வார். மலேசியா போவதற்கு முந்தின வருஷம் அந்தப் பங்கை விற்றிருந்தார். பணம் என்ன ஆனது என்று நான் கேட்டபோது, “செலவாயிருச்சுண்ணே” என்றார். அவ்வளவுதான்.

இந்த முறை லீவில் வந்தவர் குடோனில் என் எதிரே உட்கார்ந்து, மலேசியாவில் சொந்தமாக ஏலக்காய், மிளகு மொத்த வியாபாரக் கம்பெனி வைக்கப்போவதாகச் சொன்னார். சந்தோஷப்பட்டேன். அடுத்துச் சொன்னதில் தூக்கிவாரிப்போட்டது. உள்ளூர்க்காரர் என்றால் கொஞ்சப் பணத்திலேயே தொடங்கிவிடலாமாம். வெளிநாட்டுக்காரர் முழுக்கத் தன் பேரில் இந்த வியாபாரம் தொடங்க வேண்டுமென்றால், நம் பணத்தில் கோடிக்கு மேல் மூலதனம் கட்டிக் காட்ட வேண்டுமாம்.

“ஒரு கிலோ விக்கிறதுக்கு முன்னாடியேவாடா?”

“ஆமாண்ணே.”

“கோடி ரூவா இருக்கவன் எதுக்குடா கடை வைக்கான்? காலாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டானா?”

“அண்ணே, அது அவகளுக்குக் குடுக்குற காசு இல்ல. நம்ம கம்பெனி பேருல பேங்குல போடணும். அதுலயே சரக்கு எடுக்கலாம், வாடகை குடுக்கலாம்.”

“அப்ப எதுக்குக் காட்டச் சொல்றாக?”

“வேத்தாளு பாதியில ஓடிருவான்னு பயப்படுறாக.”

“நம்ம மூஞ்சி ஓடுற மூஞ்சியாவா இருக்கு? அங்கன உள்ளவன் ஒருத்தன் பேருல போட்டுட்டு, நீ பின்னாடி நின்னு நடத்து.”

“அவன் பேருல இருந்தா அது அவன் கடைண்ணே. இருவது வருசமா அடுத்தவன் கடையிலதான இருந்தேன்.”

அவரிடம் சேமிப்பு இருந்தது. தேனியில் வாங்கிப்போட்ட மனையை விற்றிருந்தார். மனைவியின் நகையும் சேர்ந்தது. அப்படியும் கால்வாசி குறைந்தது. கடனாகக் கேட்கவில்லை. அந்தக் கால்வாசியை நான் போட்டால் கம்பெனியில் பங்கு தருகிறேன் என்றார். குடோன் ஆட்கள் எல்லோரும் கேட்க நான் சொன்னேன்:

“எனக்கு எவன்டா மூலதனம் குடுத்தான்? தோப்ப வித்துத் தின்னவங்கிட்ட காசக் குடுத்துட்டு நான் கொட்டைய நக்கவா?”

அன்றைக்குத் தம்பி சிரிக்கவில்லை. “சரிண்ணே, வாரேன்” என்று எழுந்து போனார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், தேனியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் கம்பெனிக் காகிதங்களை நகல் எடுக்க நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது. எனக்கு போன் வந்தபோது தராசில் ஒரு மூடை ஏறியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவர் போவார் என்று எந்தக் கணக்கில் எழுதியிருந்தது?

அவர் மடியில் இருந்த ஃபைலை ஆட்டோக்காரர் என் கையில் கொடுத்தார். நான் அதைத் தொடவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை தம்பி மகள் ஒரு தாளை மட்டும் உருவிக் கொடுத்தாள். “இது தமிழ்ல இருக்கு பெரியப்பா. நீங்களே படிங்க.”

போடுகிற மூலதனம் எங்கிருந்து வந்தது என்று அங்குள்ள பேங்கில் கேட்பார்களாம். முதல் சம்பளம் தொடங்கி, விற்ற சொத்து வரை எழுதித் தர வேண்டுமாம். தம்பி இங்கிலீஷில் எழுதுமுன் தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நடுவில் ஒரு பத்தியை எழுதிவிட்டு, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார்.

“பெரியகுளம் மாந்தோப்பில் என் பங்கை விற்ற பணம் என்னிடம் இல்லை. அண்ணன் ஏலத்தில் உட்கார டெபாசிட் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவிடம் கொடுத்து, தன் பணம் என்று சொல்லி அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். அது அண்ணன் தொழிலின் மூலதனம். என் கணக்கில் வராது.”

அந்தப் பத்தியை மறுபடி முதலிலிருந்து எழுத்துக் கூட்டினேன்.

போடி ஏலத்தில் ஏலக்காய் கேட்க வேண்டுமென்றால் முன்னதாக டெபாசிட் கட்ட வேண்டும். அதைக் கட்டிய அன்றுதான் சைக்கிள்காரனாக இருந்த நான் வியாபாரி ஆனேன். அந்தப் பணத்தை அம்மா மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்து, “ஏஞ் சங்கிலிய வித்துட்டேன்டா. யார்ட்டயும் சொல்லாத” என்றார்கள். மூன்றாம் வருஷமே இரட்டை வடச் சங்கிலி வாங்கி அம்மா கழுத்தில் போட்டேன். அதையும் ஊரெல்லாம் சொன்னேன். அம்மா காலமானபின் பெட்டியைத் திறந்தால் விற்றதாகச் சொன்ன சங்கிலி மாதிரியே ஒன்றும் உள்ளே கிடந்தது. “ஆத்தா சிறுவாடு சேத்து இன்னொண்ணு வாங்கியிருக்கு பாருடா” என்று நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற தம்பி, “ஆமாண்ணே, ஆத்தா கெட்டிக்காரி” என்றார். அன்றைக்குக்கூட வாயைத் திறக்கவில்லையே!

தம்பி மனைவியிடம் கேட்டேன். “ஒனக்குத் தெரியுமா தாயி?”

“தெரியும் மாமா. சொல்லிருவமான்னு கேட்டேன். ‘அண்ணன் யார்ட்டயும் காசு வாங்கலன்னு சொல்லிச் சொல்லித்தான் நிமிந்து நடக்குது. அந்த ஊன்றுகம்ப ஏன் புடுங்கணும்’னு சொன்னாக.”

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுத் தம்பியைத் தூக்க ஓடிவந்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாளெல்லாம் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த குடோன் பக்கத்து பாய் குடும்பத்துக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மலேசியாவிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த தம்பியின் அறைத் தோழர்களுக்கும் என் நன்றி.

பந்தியில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோர் கையிலும் இந்த மலர் இருக்கும். நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னாலும் பொய்தான். இனி எந்தக் கல்யாண வீட்டிலாவது அந்தத் தோப்புப் பேச்சு வந்தால், அது கம்பத்தில் இரண்டு குடோனாக நிற்கிறது என்று சொல்லுங்கள். இரண்டும் பெரிய குடோன்கள்தான், அதையும் சொல்லுங்கள்.

கம்பெனியைத் தம்பி மகள் தன் பேரில் தொடங்கப்போகிறாள். குறைகிற கால்வாசியை நான் போடுகிறேன். போடுகிற நானும் என் பணம் எங்கிருந்து வந்தது என்று அந்த பேங்குக்கு எழுதித் தர வேண்டுமாம். நேற்று அவள் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்.

“மொதல்ல என்ன எழுத பெரியப்பா, சைக்கிளா?”

“இல்லத்தா. மொத வரியில எந் தம்பி தோப்பு. அடிக்காம எழுது.”