டிஸ்க் அக்கா கண்டும் விட்ட வரி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'டிஸ்க் அக்கா'தான். இயங்குதளம் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில், டிஸ்க்கில் எழுதுவது, படிப்பது சம்பந்தப்பட்ட நிரல் முழுவதும் பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. அவள் பார்த்துச் 'சரி' சொல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது.

வம்பை அவளே விலைக்கு வாங்கினாள். கொழுந்தன் மனைவி வேலை தேடிக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டுப் பொண்ணு, கெட்டிக்காரி" என்று மேலாளரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டது அவள்தான். இளையவள் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்த எட்டாவது மாதம், டிஸ்க் நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். அந்தப் பகுதியை ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியவள் மூத்தவள்.

டிஸ்க்கிடம் எதையாவது கேட்டால், பதிலை வாங்கி வைக்க நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். நேரத்துக்குப் பதில் வராவிட்டால் நிரல் சலித்துப்போய் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் டிஸ்க்குக்கு அது தெரியாது. அதன் பதில் தாமதமாக வந்து பழைய இடத்திலேயே விழும். அதற்குள் அங்கே வேறு யாருடைய தகவலோ இருக்கும். அது நாசமாகும்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நானே சரி பண்ணி அனுப்பட்டுமா?" என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டாள் இளையவள்.

"பண்ணேன், அதுக்கென்ன."

சொன்ன வாய்க்கும் எரிந்த வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

மாமியாருக்கு விஷயம் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டம்மாவிடம், "பெரியவ விட்டதைச் சின்னவ பிடிச்சுட்டாளாம். ரெண்டு பேருமே என் மருமகளுங்கதான், எனக்கென்ன நஷ்டம்!" என்று சிரித்தாள். கணவன் தன் பங்குக்கு, "தம்பி பொண்டாட்டி மூளைக்காரிதான்" என்றான்.

"அப்போ அவளையே உங்க சட்டையையும் மடிச்சு வைக்கச் சொல்லுங்க."

திருத்தம் மூத்தவள் பார்வைக்கு வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். நிரல், டிஸ்க் என்று அந்த இடத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு ஓர் எண்ணிக்கை. ஒவ்வொருவரும் விலகும்போது ஒன்று குறையும். கடைசி ஆள் விலகிய பிறகுதான் இடம் திரும்பிப் போகும். அழகாக இருந்தது. தனக்கு இது தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் சுட்டது.

நான்காம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. நடுவில் டிஸ்க்கே கழன்றுபோனால், ஒரே ஆள் விலகியதை நிரல் இரண்டு தடவை கழிக்கிறது. இன்னொருவர் உள்ளே இருக்கும்போதே எண்ணிக்கை பூஜ்யமாகி, இடம் திரும்பிப் போய்விடும்.

குறிப்பு எழுதினாள். அழித்தாள். சொன்னால் அரை மணியில் திருத்திவிட்டு அதற்கும் பாராட்டு வாங்கிவிடுவாள். சோதனை இயந்திரங்களில் எல்லார் முன்னாலும் உடையட்டும். 'பார்த்தேன், சரி' என்று அனுப்பினாள்.

மறுநாள் காலை, டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கும் சோதனையில் பன்னிரண்டு இயந்திரங்கள் வரிசையாகப் படுத்தன. தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் மூத்தவள் இரண்டு முறை இளையவளின் இருக்கைப் பக்கம் நடந்தாள். அழுகையை எதிர்பார்த்துப் போனவளுக்கு ஏமாற்றம். இளையவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, பென்சிலால் காகிதத்தில் எண்ணிக்கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு வரியைப் பிடித்தாள்; திருத்தினாள்; எல்லாருக்கும் எழுதினாள்: "தவறு என்னுடையது. சரிபார்த்தவரைக் குறை சொல்ல வேண்டாம்."

"தப்பை ஒத்துக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?" என்று மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அதோடு, டிஸ்க் பகுதியைப் பார்க்க இனி இன்னொருவரும் இருக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

"அந்த வரியை நான் பார்த்தேன்."

"தெரியும்க்கா."

"எப்படி?"

"நீங்க கவனிக்காம விட்டீங்கன்னு சொன்னா ஆபீஸ்ல யாராவது நம்புவாங்களா? நான் நம்பலை."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் மூத்தவளால் தாங்க முடியவில்லை.

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லிட்டு? ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடணுமே."

மறுநாள் மூத்தவள் மேலாளருக்கு எழுத உட்கார்ந்தாள். 'பார்த்தும் சொல்லவில்லை' என்று எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது, 'என் கவனக்குறைவும் உண்டு' என்று. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

வீட்டில் எதுவும் மாறவில்லை. அதே 'அக்கா', அதே சிரிப்பு. ஆனால் இளையவள் தன் அடுத்த திருத்தங்களை, மேலாளர் புதிதாகச் சேர்த்த அந்த இன்னொருவரிடம், நெட்வொர்க் பகுதியின் ஒல்லிக்காரரிடமே அனுப்பினாள். டிஸ்க்கைப் பற்றி அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயரைப் பார்க்கப் பார்க்க, இப்போது அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது மூத்தவளுக்கு.

யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் படித்தாள். மூன்றாவதில் ஒரு பிழை இருந்தது. வரி எண், காரணம், மாற்று வழி எல்லாம் எழுதி, இளையவளுக்கு மட்டும் அனுப்பினாள்.

"நன்றிக்கா" என்று பதில் வந்தது. அந்தத் திருத்தத்துக்கும் ஒல்லிக்காரர்தான் 'சரி' சொன்னார்.